வெர்னாவின் பங்குக்கு வந்த கடிகாரம்

வீட்டைத் தம்பி லெனார்ட் எடுத்துக்கொண்டான், காரையும் எடுத்துக்கொண்டான். வெர்னா ஹுடாக் வாயே திறக்கவில்லை. ரயில் எஞ்சின் ஓட்டிய அப்பாவின் பாக்கெட் கடிகாரம் போதும் என்றாள். படுக்கையில் விழுந்த மனுஷனுக்கு ஒன்பது வருஷம் மூத்திரச் சட்டி எடுத்தவள், வந்த வரனையெல்லாம் "அப்பாவ யாரு பாத்துக்குவா?" என்று தட்டிக்கழித்தவள். அவளுக்கு ஒரு கடிகாரமாம்! அல்டூனா ஊரே சிரித்தது.

சிரிக்கட்டுமே. அது அப்பா தன் கையாலேயே கொடுத்தது. பின்மூடி விளிம்பில் பொடிப்பொடியாய்ப் பள்ளங்கள். பல் முளைக்கிற வயதில் அவள் கடித்த தடம். அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துக் கும்பிடாத குறைதான்.

வெர்னா பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். பள்ளிக்கூடச் சமையலறையில் அவளுக்கு 'ஆலைச்சங்கு' என்று பெயர். பிறவிக் குரல் அல்ல அது. கடைசிக் காலத்தில் அப்பாவுக்குக் காது மந்தம். தினமும் படுக்குமுன் கடிகாரத்தைக் காதில் வைத்து ரசிக்கிறவர், படுக்கையில் விழுந்தபின் அவள் எடுத்து நீட்டினாலும் தள்ளிவிடுவார். "கேக்கல தாயி, கொண்டுபோ" என்பார். கத்திக் கத்தியே அவள் குரல் அப்படியானது.

சர்ச் நூற்றாண்டுக் கண்காட்சிக்குக் கடிகாரத்தைக் கேட்டார்கள். எந்த வருஷத்தது என்று அட்டையில் எழுத வேண்டும். கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் ஆர்வில் கடைக்குப் போனாள்.

"மூடியிலயே நம்பர் இருக்கே, பாத்துச் சொல்லிடுங்க."

"அது கூட்டோட நம்பரும்மா. வயசு உள்ள மெஷின்லதான் இருக்கும்" என்று திறந்தவர், கண்ணில் மாட்டிய லென்ஸைக் கழற்றாமல் வெகுநேரம் பார்த்தார். "திருகாணித் தடம் ரெண்டு ஜோடி இருக்கு. பழைய மெஷினக் கழட்டிட்டு வேற ஒண்ண வச்சிருக்காங்க. மட்டச் சரக்கு. சாவியை இழுத்து டைம் வைக்கிற ரகம், தவறி இழுபட்டா நேரம் மாறிடும்னு ரயில்ல இத உள்ளேயே விடமாட்டான்."

அப்பா முன்கண்ணாடியைத் திருகிக் கழற்றி, நகத்தால் ஒரு குட்டி நெம்புகோலை இழுத்துத்தான் நேரம் வைப்பார். கண்ணால் பார்த்திருக்கிறாளே! லெனார்ட் வேலைதான் இது, வேறு யார்?

நேரே அவன் வீட்டுக்குப் போனாள்.

"திருட்டு நாயே! வீடு பத்தலையா ஒனக்கு? எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானேடா!"

"அக்கா, மெதுவாப் பேசு." லெனார்ட் அலமாரியிலிருந்து ஒரு தங்கக் கடிகாரத்தை எடுத்துவந்தான். முன்கண்ணாடியைத் திருகினான். உள்ளே அந்தக் குட்டி நெம்புகோல். "நான் திருடல. படுக்கையில விழுந்த வருஷம் அப்பாதான் உள்மெஷின மட்டும் மாத்தச் சொன்னாரு. ரயில் வேலைக்குப் போறவன் எங்கிட்டதான் இது இருக்கணும்னாரு. 'அவளுக்குப் பல்லுத் தடம் இருந்தாப் போதும், உள்ள தொறந்தா பாக்கப்போறா'ன்னாரு. ஒங்கிட்ட சொல்லவே கூடாதுன்னுட்டாரு."

"பொய் சொல்லாதடா. அவருக்குத்தான் காதே கேக்காதே. இத்தனையும் எப்படிப் பேசினீங்க?"

லெனார்ட் முன்கண்ணாடியைத் திருகி மூடினான்.

"நாங்க எப்பவும் மெதுவாத்தான் பேசிக்குவோம்க்கா. நீ பக்கத்து ரூம்ல இருப்பியே."

திட்டத்தான் வாயைத் திறந்தாள் வெர்னா. ஒன்பது வருஷம் கத்தித் தேய்ந்த தொண்டையிலிருந்து சத்தமே வரவில்லை.