அழிக்கக் கூடாத வரி

கனடாவில், ஸ்கார்பரோவில் நான் பதினோராம் வகுப்புப் படித்தபோது, சட்டத்துறை, காவல்துறை வேலைகளைப் பற்றிப் பேச ஒரு பெண் பொலிஸ் அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மற்றப் பெண்பிள்ளைகளைப் போல என் பெயரும் தட்டச்சு வகுப்புப் பட்டியலில் இருந்தது. அங்கிருந்து எழுந்து, அவர் பேசிய அறைக்குப் போனேன். உள்ளே பையன்கள் மட்டுமே இருந்தார்கள்.

அதிகாரிக்கு நெடிய உருவம், நீலப் பாவாடை, தோளில் கைப்பை. எது நடந்தாலும் மணிக்கூட்டைப் பார்த்துச் சிறு குறிப்பேட்டில் எழுதுவது அவர் பழக்கம்.

"டைப்பிங் கீழ்மாடியில!" என்று ஒருவன் கத்தினான்.

"நீ என்னவாக வேணும்?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"சட்டத்தரணி."

அறை முழுவதும் சிரித்தது. அவர் மணிக்கூட்டைப் பார்த்து எழுதி, உரக்க வாசித்தார்: "பத்து இருபது. சட்டத்தரணி ஒருவர் உள்ளே வந்தார்."

"மிஸ், அது பொய்! அழியுங்கோ," என்றான் முதலில் கத்தியவன்.

"இதில எழுதினதை அழிக்கிறதுக்கு எனக்கு அனுமதியில்லை, தம்பி. நீ உட்காரு பிள்ளை."

என் வீட்டில் உயர்பள்ளிக்குப் போன முதல் ஆள் நான். தட்டச்சுப் படித்தால் போதும் என்று சொல்லிவந்த, எழுத்தறியாத அப்பா, அன்று மாலை நான் நடந்ததைச் சொன்னதும் இரண்டு தரம் கேட்டார்:

"மெய்யாவே எழுதினவவோ?"

"ஓம் அப்பா. பேனையால."

"பொலிஸ் எழுதினா எழுதினதுதான்," என்றார். அதன்பிறகு அவர் தட்டச்சுப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது நான் சட்டம் படிக்கிறேன். அந்த அதிகாரியின் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய குறிப்பேட்டில் ஒரேயொரு பொய் இருந்திருக்கும். இன்னும் ஒரு வருடத்தில் அதுவும் பொய்யாக இருக்காது.