உலை காலியாகும் வரை

“ஆஃப் பண்ணுங்க மேடம். நான் லைன்லயே இருக்கேன்” என்றார் எங்கள் செயற்பொறியாளர், போனில்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் மீட்டர் அறை வாசலில் நின்றிருந்தேன். அப்போது நான் அந்தப் பகுதியின் மின்வாரிய உதவிப் பொறியாளர். அந்தப் பக்கம் மின்சாரம் கொண்டுபோகும் ஃபீடர் லைனில் நாங்கள் அனுப்பிய யூனிட்டுக்கும் பில்லான யூனிட்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. பிடிபட்ட மின்திருட்டு கேஸ்களின் மாதாந்திர ரீடிங்கைக் கொடுத்து, கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கம்ப்யூட்டரைப் பழக்கியிருந்தார். அதே சாயலில் ரீடிங் இறங்கும் இணைப்புகளை அது காட்டும். இந்த ஆலையை முதலாவதாகக் காட்டியது.

மீட்டர் பெட்டியைத் திறக்க சப்ளையை நிறுத்தியாக வேண்டும். ஃபோர்மேன் பாஷா பாய் ஓடி வந்தார்.

“இன்னா மேடம் பண்றீங்க? உலை நெறைய மெட்டல் கீது. கரண்ட் போனா உலைய சுத்தி கீற காயிலக் குளுர வைக்கிற தண்ணி பம்பு நின்னுடும். டீசல் பம்பும் ரிப்பேரு. காயில் வெடிச்சா என் ஆளுங்க கதி?”

போனில் அதைச் சொன்னேன்.

“எல்லாரும் பாடற பாட்டுதான். நீங்க நிக்கிற நேரத்துல ஒயர மாத்திடுவாங்க.”

உள்ளே போய்ப் பார்த்தேன். உலை விளிம்பு வரை இரும்பு தளதளத்தது. மேடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

“உலை காலியாகட்டும் சார்.”

“உங்க பொறுப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?”

“குடுக்கறேன்.”

என்னோடு வந்த லைன்மேனை மீட்டர் அறைக் கதவில் நிறுத்தினேன். “எங்களத் திருடன்றியா?” என்று தொழிலாளர்கள் அவரைச் சூழ்ந்தார்கள். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். பாஷா பாய் நடுவில் புகுந்து, “போயி மெட்டல ஊத்துங்கடா மொதல்ல!” என்று கத்தினார். கடைசி வார்ப்பு முடியும் வரை நானும் கதவருகிலேயே நின்றேன்.

சப்ளையை நிறுத்தினோம். பெட்டியில் நாங்கள் போட்ட சீல் அப்படியே இருந்தது. உள்ளே மூன்று ஃபேஸ்களில் ஒன்றின் அளவை மீட்டருக்குக் கொண்டுவரும் சின்ன ஒயர், டெர்மினலில் கருகித் துண்டாகியிருந்தது. அந்த ஃபேஸில் ஓடிய கரண்ட் மீட்டரில் ஏறவே இல்லை.

“இதுல எவன் மேடம் கைய வச்சான்?” என்றார் பாஷா பாய்.

“யாரும் வைக்கல பாய். பெட்டி எங்களுது.”

போனில் செயற்பொறியாளரிடம் சொன்னேன். “புது ஒயர் போட்டுட்டு சப்ளை குடுங்க” என்றார்.

கம்ப்யூட்டர் காட்டிய இடம் சரிதான். அங்கே நஷ்டம் இருந்தது. ஆனால் திருடியவர்களின் கணக்கை மட்டுமே அதற்குக் கொடுத்திருந்தோம். அதனால் ரீடிங் இறங்கிய எல்லோரும் அதற்குத் திருடர்கள்தான். அடுத்த வாரமே கருகிய ஒயர், ஓடாத மீட்டர், ஆர்டர் இல்லாமல் மூடிய ஷெட் என்று எல்லாவற்றின் ரீடிங்கையும் திரட்டிக்கொண்டு பேராசிரியரிடம் போனேன்.