நாவலில் ஒட்டிய சிவப்பு அம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஏழு ஐம்பது. அவிநாசி ரோட்டு சிக்னலில் முதலில் கண்ணில் பட்டது, எனக்கு முன்னால் பைக்கில் நின்றவரின் முதுகு. புதுப் பனியன். இடது தோளுக்குக் கீழே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். அது காட்டிய இடத்தில் தையல் ஒரு விரல் நீளத்துக்கு விட்டிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசிப்பதற்குள் பச்சை விழுந்தது. தன் குறையைத் தானே சுட்டிக்காட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினேன். பால் வாங்கவில்லை.

வெளியூர்க்காரராக இருந்தால் உங்களுக்கு அந்த அம்பு புரியாது. இங்கே பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த துணி செக்கிங் மேசைக்கு வரும். குழல்விளக்குக்குக் கீழே புரட்டிப் பார்த்து, ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டுவார்கள். அம்பு இல்லாத துணி பாஸ். அம்பு ஒட்டியது கப்பல் ஏறாது. ஆல்டருக்கு, அதாவது சரிசெய்யப் போகும், இல்லாவிட்டால் நடைபாதைக் கடைக்குப் போகும். அந்த அம்புகளை நாங்கள் நாவல்களில் ஒட்டினோம்.

நாங்கள் என்றால் ஒரு பனியன் கம்பெனியின் மாடியில், செக்கிங் ஹாலில், ஞாயிறு காலை கூடிய பத்துப் பன்னிரண்டு பேர். புதுத் துணியின் வாசனையும் கறை எடுக்கும் மருந்தின் நெடியும் கலந்த ஹால் அது. இன்றைக்கும் அந்த நெடி எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு இலக்கியம் பேசத் தோன்றும். கூட்டத்தை நடத்தியவர் தங்கமணி அக்கா. அந்தக் கம்பெனியின் தரப் பிரிவுக்கு மேலாளர். விதி ஒன்றுதான்: ஒவ்வொருவரும் அந்த வாரம் படித்ததில் ஒன்றும் கேட்டதில் ஒன்றும் சொல்ல வேண்டும்.

கேட்டதில் யூசுப் பாயை மிஞ்ச ஆளில்லை. பட்டன், ஜிப் வியாபாரம் செய்பவர். பழைய வானொலி நாடகம் ஒரு வாரம், கட்டிங் டேபிளில் பீகார் பையன்கள் பாடும் தாலாட்டு ஒரு வாரம் என்று கொண்டுவருவார். ஒருமுறை பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையையே மூன்று வாரம் தொடராகச் சொன்னார்.

"முடிவு என்னாச்சுங்க பாய்?" என்றார் அக்கா.

"அந்தம்மா திடீர்னு சிரிச்சுப்போட்டாங்க. நான் எதிர்பார்க்கவே இல்லீங்க. அங்கதான் நாடகம் நிக்குது!"

நான் அப்போது ஒரு நாளிதழில் துணை ஆசிரியன். அடுத்தவர் வாக்கியத்தை வெட்டுவதற்குச் சம்பளம் வாங்கியவன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே இலவசமாகச் செய்தேன். ஹால் அலமாரியில் நாங்கள் வைத்திருந்த சின்ன நூலகத்துப் புத்தகம் ஒன்று கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்தால், பிசகிய வாக்கியங்களுக்குப் பக்கத்தில் அம்பு முளைத்துவிடும். சில புத்தகங்கள் முள்ளம்பன்றி மாதிரி திரும்பி வந்தன. பலநாள் கழித்துத்தான் தெரிந்தது, யூசுப் பாய் மட்டும் தனக்குப் பிடித்த வரிகளுக்கு அம்பு ஒட்டிக்கொண்டிருந்தார் என்று. அதே ஸ்டிக்கர் ரோல், அதே சிவப்பு.

இந்தச் சமயத்தில் முதலாளியின் மகன் அந்த மாடியில் புது மெஷின்கள் போட வேண்டும் என்று ஆரம்பித்தார். முதலாளி எந்தப் பக்கமும் சாயாதவர். "ஒரு நாள் வந்து பாக்கறனுங்க. என்னதான் பண்றீங்கன்னு பாத்துப்போட்டு சொல்றேன்" என்றார்.

பூங்கா இருக்கிறது, யூசுப் பாயின் கடை மாடி இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் கூடலாம் என்று நாங்கள் பேசினோம். அக்கா பேசவில்லை. பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: "ஊட்டுல கம்பெனிக்குப் போறேன்னு சொல்லிப்போட்டு வர்றனுங்க. அது பொய் இல்லீங்களே. பூங்காவுக்குப் போறேன்னா மாமியார் விடுவாங்களா? இந்த ஹால் போச்சுன்னா நானும் போச்சுங்க."

அதனால்தான் முதலாளி வரும் ஞாயிறன்று பெயர்பெற்ற ஒருவரைக் கூப்பிட அக்கா ஏற்பாடு செய்தார். சென்னையிலிருந்து ஒரு நாவலாசிரியர் வந்தார். நல்ல உயரம், நல்ல குரல், கதர் ஜிப்பா. முதலாளி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எழுத்தாளர் அரை மணி நேரம் பேசினார். பிறகு, "என் நாவலிலிருந்து கொஞ்சம் வாசிக்கிறேன். யாரிடமாவது பிரதி இருக்குமா?" என்றார்.

இருந்தது. அலமாரியில். முள்ளம்பன்றி நிலையில். அக்கா என்னைப் பார்த்தார், நான் அலமாரியைப் பார்த்தேன். அதற்குள் யூசுப் பாய் ஓடிப்போய் எடுத்து இரண்டு கையாலும் நீட்டிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது அன்பால் நிறைந்த புத்தகம்.

எழுத்தாளர் புரட்டினார். முகம் இளகியது. "இவ்வளவு அடையாளமா? என்னை இப்படி வரிவரியா வாசிச்சவங்களை நான் பார்த்ததே இல்லை" என்றார். புத்தகத்தை விரித்துப் பிடித்து ஒரு புகைப்படமும் எடுக்கச் சொன்னார். எடுத்தோம். பிறகு, "நீங்க குறிச்ச வரிகளையே வாசிக்கிறேன்" என்று ஆரம்பித்தார்.

முதல் அம்பு. "சூரியன் பொன் தட்டைப் போலவும், மன்னனின் மகுடத்தைப் போலவும், குழந்தையின் கன்னத்தைப் போலவும் எழுந்தது." அவர் நிறுத்தி எங்களைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். யூசுப் பாய் மட்டும் கைதட்டினார். இரண்டாம் அம்பு அதைவிட மோசம். அது நான் ஒட்டியது. அவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

மூன்றாவதற்குப் போகும்போது முதலாளி கையைத் தூக்கினார்.

"ஏனுங்க, எனக்கு இலக்கியம் தெரியாதுங்க. ஒரு சந்தேகமுங்க. சிவப்பு அம்பு ஒட்டுனா டேமேஜுங்களே. இத்தனை டேமேஜ் இருந்தா எப்படிங்க வெளிய விட்டாங்க?"



"டேமேஜா?" என்றார் எழுத்தாளர்.

"இல்லீங்க, இல்லீங்க! நான் ஒட்டுனதெல்லாம் நல்லாருக்கறதுக்குங்க" என்று யூசுப் பாய் எழுந்தார்.

"உங்களோடது எது?"

பாய் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். திருப்பிப் புரட்டினார். "சூரியன் என்னோடதுன்னுதான் நெனைக்கறனுங்க."

"சூரியன் என்னோடதுங்க" என்றார் தங்கமணி அக்கா. எழுந்து நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் செக்கிங் மேசைக் குரல். "மூணு போல இருக்குதுங்க. ஒண்ணு போதுமுங்க."

"எது போதும்?"

"கன்னமுங்க."

எழுத்தாளர் தட்டையும் மகுடத்தையும் விரலால் மறைத்து அந்த வரியைப் படித்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சரி, அடுத்தது. இந்த அம்மா மகனை மூணு தடவை 'சாப்பிட வா'ன்னு கூப்பிடுறா. மூணாவதுக்கு அம்பு. யாரு?"

"நாந்தானுங்க. அதேதானே திரும்ப வருதுங்க."

"மூணாவது தடவை அவன் வீட்டிலேயே இல்லைம்மா. போயாச்சு. அது அவளுக்குத் தெரியாது."

அக்கா புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தார். பிறகு நகத்தால் அம்பைச் சுரண்டி எடுத்தார். "இது என் தப்புங்க."

"பாஸுங்களா அம்மிணி?" என்றார் முதலாளி.

"பாஸுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை இலக்கியக் கூட்டம் என்பதா, பஞ்சாயத்து என்பதா தெரியவில்லை. ஒவ்வொரு அம்புக்கும் வழக்கு. எழுத்தாளர் கோபப்பட்டார், மேசையைத் தட்டினார், சிலவற்றில் ஜெயித்தார், சிலவற்றில் "அச்சகத்துக்காரன் வேலை" என்று தப்பித்தார். என் அம்பில் நான் தோற்றேன். யூசுப் பாய் இரண்டு பக்கமும் சாட்சி சொன்னார். சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை. முதலாளி எழுத்தாளரின் தோளைத் தட்டி, "ஆல்டர் பண்ணுனா போயிருமுங்க, வெசனப்படாதீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னார். படியிறங்கும்போது அக்காவிடம் திரும்பினார்.

"இது நம்ம வேலையேதானுங்க அம்மிணி. நான் இருக்கற வரைக்கும் ஹால் உங்களுக்குத்தான்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கூட்டமும் நடந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து, யார் எதைப் படித்ததாகச் சொன்னாலும் "எத்தனை டேமேஜுங்க?" என்று கேட்பது அவர் வழக்கமாயிற்று.

அவர் காலமாகி நாலைந்து மாதத்தில் மாடியில் மெஷின்கள் வந்தன. ஞாயிறும் ஷிப்ட், தரப் பிரிவுக்கு மட்டும் விடுமுறை. புத்தகங்களை யூசுப் பாய் தன் கடையில் வைத்திருக்கிறார். பசை காய்ந்து அம்புகள் உதிர்கின்றன. எங்கள் கூட்டம் இப்போது கைபேசியில் ஒரு குழு. படித்ததைச் சொல்வார் குறைவு. காலை வணக்கம் சொல்வார் அதிகம். பாய் மட்டும் அவ்வப்போது ஏதாவது ஒலிப்பதிவு அனுப்புகிறார். போன வாரம் வந்தது ஜன்னலில் மழை விழும் சத்தம். அதற்கு ஒன்பது பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

தங்கமணி அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருக்கிறார்.