உடுக்கைக்குத் துள்ளிய கை

பக்கவாதம் வந்து சில மாதங்களில் என் வீட்டுக்காரரின் இடது கை இறுகிப்போனது. விரல்கள் உள்ளங்கைக்குள் புதைந்துகொண்டன. அவர் கொட்டாவி விட்டால் அந்தக் கை மட்டும் தானாக மேலே எழும்பும். தூங்கும்போது, யாரோ பிடித்திருந்து விட்டுவிட்டுப் போனதுபோல் தளர்ந்து கிடக்கும். எனக்கே அதைப் பார்க்க ஒரு மாதிரி பயமாக இருக்கும்.

கொழுந்தனார் பூசாரியை அழைத்து வந்தார். எங்கள் மலையில் உடுக்கை அடித்துத்தான் ஆவியிடம் கேட்பார்கள். உடம்பு துள்ளினால் ஆமாம் என்று அர்த்தம்.

"மூத்தவளா நீ?" என்று கேட்டுப் பூசாரி ஓங்கி அடித்தார். கை வெடுக்கென்று துள்ளியது.

"கூட்டிப் போவ வந்தியா?" மறுபடியும் அடி. மறுபடியும் துள்ளியது.

மூத்தவள் அவருடைய முதல் சம்சாரம். நான் வாழ வருவதற்கு முன்பே செத்துப்போனவள். நான் கட்டிலிலிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்தேன்.

"அண்ணி, நீங்க தொட்டா அவளுக்கு ஆவலியாம். கொஞ்ச நாள் உங்க அண்ணன் வூட்ல இருங்க" என்றார் கொழுந்தனார்.

"இன்னாத்துக்கு? இத்தினி வருசம் நான் ஆக்கிப் போட்டேனே, அப்பல்லாம் ஆச்சா?"

"வெள்ளிக்கிழம பூசைக்குள்ள கெளம்புங்க. அவ்ளோதான்."

நான் போய்விட்டால் அவருக்கு வாயில் கஞ்சி ஊற்றக்கூட ஆளில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி ஜீப்பில் உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் வந்தாள். அவள் அவருடைய இடது கையைப் பிடித்திருந்தபோது வெளியே ஒரு பைக் ஹாரன் அடித்தது. கை துள்ளியது.

"இது நரம்புக் கோளாறும்மா. திடீர்ச் சத்தம், குளிர் எதுக்கும் துள்ளும். இழுத்துப் பிரிக்காதீங்க. மணிக்கட்ட மடக்கி, கட்டைவிரல்லேருந்து மெதுவா விரிங்க. அப்புறம் துணிய உருட்டி உள்ள வைங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. அதுக்கும் கேக்கலன்னா வேலூர்ல ஊசி போடுவாங்க."

வெள்ளிக்கிழமை பூசாரி உடுக்கையோடு வந்தார். நான் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"உடுக்கை இல்லாம கேளு சாமி."

"அது இல்லாம எப்பிடிம்மா வரும்?"

"அப்போ அவ வர்ல. உடுக்கைதான் வந்துச்சு."

பூசாரி வாயால் மட்டும் கேட்டார். கை அசையவில்லை. கொழுந்தனார் என்னைப் பார்க்காமல் பூசாரியை வெளியே கூட்டிப்போனார்.

நான் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விரித்தேன். உள்ளங்கை வெளுத்து, ஈரமாக, எவருடையதோ போல் இருந்தது. சத்தம் இல்லை, குளிர்காற்றும் இல்லை. அவர் கூரையைப் பார்த்துக் கிடந்தார். அந்த விரல்கள் மெல்ல என் விரல்கள்மேல் மூடின.

அவரோ மூத்தவளோ, யாராக இருந்தால் என்ன? நான் கையை எடுக்கவில்லை.