எனக்கு வைத்த சிரட்டை

நான் ஒருமுறை செத்திருக்கிறேன். மூன்று நாள். சிரிக்காதீர்கள். அந்த மூன்று நாளும் என்னைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, ஓடினார்கள்.

அப்போது இலங்கையில் ரயில் பதுளைக்கு வரவில்லை. பண்டாரவளையில் இறக்கிவிடும். அதற்கப்புறம் கால்நடைதான். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பதினேழு பேர், அதில் நானும் அம்மாவும். மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு, ஆள் சேர்க்கும் கங்காணி எங்களைக் கூட்டிப்போனார். எனக்குப் பதினாலோ பதினைந்தோ, யார் கண்டது! ரயில் குகைக்குள் நுழைந்து இருட்டியதும் எல்லாரும் அலறினார்கள், நான் கைதட்டினேன். அதற்கு அம்மாவிடம் ஒரு குட்டு. அம்மா எல்லாவற்றுக்கும் குட்டுவாள். கஞ்சி குடித்த தேங்காய்ச் சிரட்டையைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பது அவள் சட்டம். கழுவிக் கவிழ்த்தாலும் விடமாட்டாள். எடுத்து உள்ளே விரலால் தடவிப் பார்த்து, "பருக்க ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு, குருட்டு மூதேவி" என்பாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தெமோதரையைத் தாண்டும்போது எனக்குக் காய்ச்சல். மழை, பனி, வாந்தி. பாதை ஓரத்தில் விழுந்துவிட்டேன். கண் திறக்கவில்லை, காது மட்டும் கிணற்றுக்குள் கிடப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. கங்காணி என் மூக்கருகில் விரல் வைத்தார்.

"மூச்சு இல்ல. பேதியா இருந்தா எல்லாரையும் வாரிக்கிட்டுப் போயிரும். தழையப் போட்டு மூடிட்டு நடங்க."

"ஐயோ, உடம்பு சுடுதுங்களே!" இது அம்மா.

"செத்த சூடு தாயி, அது. இழுத்துட்டு வாங்கடா அவள."

அம்மாவின் அழுகை வளைவில் திரும்பி மறைந்தது. பிறகு தழைமேல் மழை விழும் சத்தம் மட்டும்.

விடிந்து எழுந்து உட்கார்ந்தேன். பனி அப்படி ஒரு பனி. என் கையை நீட்டினால் கை இல்லை. நடந்தால் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பாதையில் அட்டைகள் ஆளை விடாது, நின்றால் ஏறிவிடும். என் காலில் ஒன்றுகூட ஏறவில்லை. அதுதான் எனக்கு முதல் சந்தேகம்.

பதுளை ஆற்றங்கரைக்கு வந்தபோது எங்கள் கூட்டம் அங்கே நின்றது. அம்மா ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று தலைமுழுகிக்கொண்டிருந்தாள். யாருக்காக என்று யோசித்தேன். எனக்காகத்தான். என் சாவுக்கு அம்மா முழுகுவதை நான் கரையில் நின்று பார்த்தேன். "அம்மா" என்றேன். தொண்டையில் காற்றுதான் வந்தது. அம்மா நிமிர்ந்தாள். பனிக்குள் என் முகம் எப்படித் தெரிந்ததோ, வாயைப் பொத்திக்கொண்டாள். கங்காணி ஒரு கல்லை எறிந்தார்.

"திரும்பிப் பாக்காதீங்க! பின்னாலயே வருது! நடங்க!"

கல் என் தோளில் பட்டது. வலிக்கவில்லை. சரி, செத்துத்தான் போய்விட்டோம் என்று முடிவு செய்துகொண்டேன். செத்தவள் வேறெங்கே போவாள்? அம்மாவுக்குப் பின்னாலேயே போனேன்.

அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு வழியில் ஓர் ஏற்பாடு இருந்தது, அதைச் சொல்லவேண்டும். பதுளைக் கடைத்தெருவில் நம் ஆட்கள் நடத்திய கடைகள் அரிசி கொடுக்கும். முருகன் கோயில் பண்டாரம் கஞ்சி காய்ச்சுவார். பசறைப் பாதையில் ஒரு முஸ்லிம் நானா கடை வைத்திருந்தார். உப்பும் விறகும் அவர் பொறுப்பு. அவருக்கு மாட்டு வண்டியும் உண்டு. (அதில் இடப்பக்கத்து மாடு ஏற்றத்தில் படுத்துக்கொள்ளும். நானா அதன் காதில் ஏதோ சொன்னால்தான் எழும்பும். என்ன சொல்வார் என்று கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை.) அதற்கும் மேலே, மடுல்சீமை ஏற்றத்தில் ஓர் அம்பலம், வழிப்போக்கர் தங்கும் கூரை. அது சிங்களக் கிராமத்தாருடையது. அங்கே ஒரு கிழவி இலைக்கஞ்சியும் காய்ச்சலுக்கு மருந்தும் தருவாள். இவர்களில் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட மாட்டார்கள். ஆனால் கோயிலில் ஒரு கயிற்றில் ஆளுக்கொரு முடிச்சுப் போட்டு, நானா வண்டியில் முன்னால் அனுப்பிவிடுவார்கள். கயிற்றைப் பார்த்து அடுத்த இடத்தில் உலை வைப்பார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது, முடிச்சு நன்றாகத் தெரியும்.

வழியில் யாராவது செத்திருந்தால் அந்த முடிச்சில் கறுப்புத் துணி கட்டுவார்கள். கூட்டம் கிளம்பிய பிறகு அந்த ஆளுக்கும் ஒரு சிரட்டைக் கஞ்சி பாதை ஓரம் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் பசியோடு, ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம்வரைக்கும் வந்துவிடும் என்பது பண்டாரத்தின் கட்டளை. அந்தத் தடவை கயிற்றில் பதினேழாவது முடிச்சில் கறுப்புத் துணி. அது நான்.

ஆற்றங்கரைக் கல்மேல் எனக்கு வைத்த சிரட்டை இருந்தது. குடித்தேன். கழுவினேன். கவிழ்த்தேன். செத்தாலும் அம்மா குட்டுவாளே!

மறுநாள் பசறைப் பாதையில் பனி விலகவே இல்லை. எனக்குப் பின்னால் யாரோ நடப்பது போல இருந்தது. என் காலடி கேட்கவில்லை, அது கேட்டது. நான் நின்றால் அது நின்றது. "யாரு?" என்று கேட்கப் பயம், பதில் வந்துவிட்டால் என்ன செய்வது! நானா கடை வளைவில் ஒரு சிரட்டை. குடித்து, மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

மூன்றாம் நாள் அம்பலத்தடியில் சிரட்டையைத் தூக்கினேன், தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் அலறினேன். பேயாகிய நான்! அந்தக் கிழவிதான். பிடித்த கையை விடாமல் சொன்னாள்:

"பயம் வேணா புள்ள. நீ செத்தது இல்ல. கை சுடுது. அந்தா, கால் பாரு."

என் கணுக்காலில் ஒரு கொழுத்த அட்டை, ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பில் கிழவியே ஒரு நிமிஷம் கையை விட்டுவிட்டாள்.

நடந்தது இதுதான். ஆற்றங்கரைச் சிரட்டை கழுவிக் கவிழ்ந்து கிடப்பதைப் பண்டாரம் பார்த்து நானாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். தன் கடை வளைவிலும் அப்படியே கண்ட நானா, வண்டியோடு வேகமாக மேலே போய்க் கிழவியிடம் சொல்லியிருக்கிறார். அவள் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்கவைத்துக் கொடுத்து, இரண்டு நாள் தன் வீட்டில் என்னைப் படுக்கவைத்தாள். ஆனால் தோட்டத்தில் யார் நம்புவார்கள்? அதனால் பண்டாரமும் வந்து சேர, மூன்று பேருமாக என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

லயத்தில் எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. கங்காணி மட்டும் கையில் கடப்பாரையோடு நின்றார்.

"அதக் கூட்டிட்டுப் போயிருங்க சாமி. நாந்தானே மூச்சுப் பாத்தேன்."

பண்டாரம் சொன்னார்: "இங்க பாருங்க கங்காணி. எங்களுக்குத் தெரிஞ்ச பேய் வாசத்த மட்டுந்தான் குடிக்கும். கஞ்சி அப்படியே இருக்கணும். இது வழிச்சுக் குடிச்சிருக்கு."

"எங்க மார்க்கத்துல மவுத்தானவங்க கபுருக் குழிக்குள்ளதான்," என்றார் நானா. "கஞ்சிக்கெல்லாம் எழும்பி வரமாட்டாங்க."

கிழவி தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள். "எங்க பேய்க்கு, பெரேத்தயாவுக்கு, வாய் ஊசித் துளை மாதிரி. கஞ்சி எறங்காது."

மூன்று ஊர்ப் பேயிலும் நான் சேர்த்தி இல்லை. கங்காணி நானா பக்கம் திரும்பினார். "நானா, ஒங்க கட வளைவுல ரெண்டு செரட்ட கவுந்து கெடந்துச்சுன்னு தோட்டத்து வண்டிக்காரன் சொன்னானே. ஒண்ணு இவ. இன்னொண்ணு?"

நானா தாடியைத் தடவினார். "நான் வச்சது ஒண்ணுதான். மத்தது எங்க கடைச் செரட்டயில்ல."

நான் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தேன். அந்தக் காலடி. கிழவி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "அதுக்கும் பசிதானே," என்றாள்.

அப்போது லயத்தின் கடைசி அறை, கடைசிக் காம்பரா, அதன் கதவு திறந்தது. அம்மா. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஒரு சிரட்டைக் கஞ்சியை எனக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, கதவுக்குள் போய் நின்றுகொண்டாள். கங்காணி கடப்பாரையை இறுக்கினார். நான் குடித்தேன். பீலிக்குப் போனேன். என் வாழ்நாளில் அவ்வளவு தேய்த்து எதையும் கழுவியதில்லை. கொண்டுவந்து வாசலில் கவிழ்த்து வைத்தேன்.

அம்மா குனிந்து எடுத்தாள். உள்ளே விரலால் தடவினாள். தடவிய விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"பருக்க," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "செத்துப் பொழச்சு வந்தும் ஒழுங்காக் கழுவத் தெரியலியே, குருட்டு மூதேவி!"

தலையில் ஒரு குட்டு விழுந்தது. வலித்தது! பிறகு அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கங்காணி கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு நானாவின் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

அவர்கள் மூன்று பேரும் வண்டி ஏறுமுன் அம்மா ஒரு காரியம் செய்தாள், யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு சிரட்டையில் கஞ்சி ஊற்றி, நாங்கள் வந்த பாதைத் திருப்பத்தில் கொண்டுபோய் வைத்தாள். "பின்னால யாரு வாராங்களோ," என்றாள்.

காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது பார்த்தோம். சிரட்டை கவிழ்ந்திருந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அதை எடுத்து, உள்ளே விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். பனிக்குள் பாதையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"பாரு," என்றாள், "ஒன்னவிட நல்லாக் கழுவியிருக்கா."