டீச்சர் அம்மாவிடம் கேட்கச் சொன்னவ

இன்று சுகாதாரப் பாடத்தில், பெண்கள் பெரியபிள்ளையாவதைப் பற்றிய அத்தியாயம்.

கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடி, "இதை வீட்டில அம்மாட்ட கேளுங்கோ" என்பேன். பள்ளிக்கூடம் பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் துரைக்குக் காட்டும் பதிவில் 'முடிந்தது' என்று எழுதிவிடுவேன். இன்றும் அப்படித்தான்.

இந்த வருடம் என் மகளும் அந்த வகுப்பில் இருக்கிறாள்.

போன மாதம்தான் அவள் பெரியபிள்ளையானாள் என்று தண்ணீர் வார்த்து, எங்கள் வெள்ளவத்தையில் பாதிப் பேருக்குச் சோறு போட்டோம். விஷயம் ஊருக்கே தெரியும். அவளுக்கு மட்டும் அது என்னவென்று ஒருவரும் சொல்லவில்லை.

பின்னேர ரயிலில் என் காதருகே வந்தாள்.

"அம்மா, டீச்சர் வீட்டில அம்மாட்ட கேக்கச் சொன்னவ."

சிரிக்கவில்லை அவள்.

பெட்டி நிறைய யுத்தத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தார். தமிழ் விளங்கும் ஆள் ஒருவருமில்லை. இருந்தும், "வீட்ட போய்க் கதைப்பம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைத்தேன். துடைத்த விளக்கையே திரும்பவும் துடைத்தேன். இப்போது இதை எழுதுகிறேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தப் பத்திரிகை வாசிக்கும் உங்களில் யாருக்காவது அம்மா சொல்லியிருந்தால், என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள்.

என் அம்மா டீச்சரிடம் கேட்கச் சொன்னவ.