முள்காட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த இளவரசன்

என் மகள் ஒரு கார்ட்டூன் படத்தை இதுவரை எத்தனை முறை பார்த்திருப்பாள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சோறு ஊட்ட அதுதான், தலை பின்ன அதுதான், காய்ச்சலென்று படுத்தாலும் அதுதான். சாபத்தால் தூங்கிப்போகும் ஒரு ராஜகுமாரி, அவளைச் சுற்றி வளர்ந்துவிடும் முள்காடு, தேடி வரும் ஓர் இளவரசன். அவ்வளவுதான் கதை. கையால் வரைந்து எடுத்த பழைய காலத்துப் படம். இப்போது அதில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். இளவரசன் மேடை நாடகத் தமிழில் சபதம் செய்துவிட்டு முள்ளை வெட்டுகிறான், உள்ளே போகிறான், அவளை எழுப்புகிறான்.

போன வாரம்தான் வேலையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, அந்தப் படத்தை முதன்முதலாக வசனத்தோடு முழுதாகப் பார்த்தேன். எனக்கு அது வேறொரு குரலில் மனப்பாடம். அந்தக் குரல் என் மாமாவுடையது. மாமா சொன்ன கதையில் இளவரசன் கடைசிவரை உள்ளே போக மாட்டான்.

நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறேன். காலண்டர் தாளானாலும் பட்டாசுப் பெட்டியின் லேபிளானாலும் பிழையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. வேலைக்கு வந்த பிறகு ஒட்டிக்கொண்ட குணமில்லை இது. எட்டு வயதிலேயே இருந்தது. படத்தில் ஒன்று நடக்க, வாய் வேறொன்றைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அன்றைக்கு மாமா என்னிடம் பட்ட பாட்டுக்கெல்லாம் அதுதான் காரணம்.

எங்கள் வீடு எம். புதுப்பட்டியில். மாமா அம்மாவின் தம்பி. தாயில்பட்டியில் லோடு ஆட்டோ வைத்திருந்தார். அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடு இருந்துகொண்டு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். பெண் எடுத்த வீட்டுக்கே பெண்ணைக் கொடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்து, அத்தைக்கும் மாமாவுக்கும் ஆனி மாதம் பரிசம் போட்டிருந்தார்கள். அதுவரை ஒருவரையொருவர் கிண்டல் செய்து வீட்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தவர்கள், பரிசம் போட்ட மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணம்வரை பேசிக்கொள்வது அழகில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமா வந்தால் அத்தை அடுப்படிக்குள் போய்விடுவாள். காபி மட்டும் என் கையில் வரும், வழக்கத்தைவிடக் கூடுதல் சர்க்கரையோடு.

அந்தத் தீபாவளி சீசனில் அத்தை வேலை பார்த்த கம்பெனியில் ஓர் அறை வெடித்தது. அவள் அந்த அறையில் இல்லை, பக்கத்து அறையில் இருந்தாள். அதனால்தான் பிழைத்தாள். மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்து கார்த்திகையில் வீடு திரும்பியபோது இடது கன்னமும் கழுத்தும் இரண்டு கைகளும் வேறு யாருடையவோ போல இருந்தன. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. வந்தவள் நேராக உள் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போக எனக்கு மட்டும் அனுமதி. அப்போதும் சுவரைப் பார்த்துத்தான் சாப்பிடுவாள்.

கல்யாணப் பேச்சை விட்டுவிடும்படி அப்பாவிடம் அவளே சொல்லிவிட்டாள். மாமா வீட்டுப் பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள், பிறகு சரியென்றார்கள். காரியாபட்டிப் பக்கம் வேறொரு பெண் இருப்பதாகவும் பேச்சு வந்தது. இதெல்லாம் என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. கல்யாணத்துக்கு எனக்கு எடுப்பதாகச் சொன்ன பட்டுப்பாவாடை இனி வராது என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது.

மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். முன் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்வார், காபி குடிப்பார், கிளம்பிவிடுவார். சர்க்கரை இப்போது அம்மா போடுகிற அளவுதான்.

"ஏலே, எதுக்குலே வாராவாரம் வந்து நீயும் சங்கடப்பட்டு, அவளையும் சங்கடப்படுத்துற?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"நான் எங்க அக்கா வீட்டுக்கு வாரேன். வரக் கூடாதா?" என்றார் மாமா.

அடுத்த ஞாயிறு வரும்போது வாடகைக்கு எடுத்த டிவிடி பிளேயரும் ஒரு சிடியும் கொண்டுவந்தார். எனக்காகத்தான் என்றார். குழந்தைகள் பார்க்கிற மாதிரி ஒரு படம் கேட்டதற்கு, எத்தனை வருஷமானாலும் திரும்பத் திரும்ப வாங்கிப் போகிற படம் என்று கடைக்காரர் இதைக் கொடுத்தாராம். மாமா அதற்கு முன்பு அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அவருக்கு இங்கிலீஷும் தெரியாது.

படம் ஆரம்பித்ததுமே ராஜாவுக்குப் பெண் பிறந்த விழா. கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே, "பச்சை நல்லாப் பிடிச்சிருக்கு. சிவப்புதான் வெளுத்துப்போச்சு" என்றாள். எங்கள் ஊரில் வாணவேடிக்கையை யாரும் சும்மா பார்க்க மாட்டார்கள், சரக்கைத்தான் பார்ப்பார்கள். அடுத்து வானத்தில் பெரிதாக ஒன்று வெடித்தது. உள் அறையில் ஒரு டம்ளர் விழுந்து உருண்டது.

மாமா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடியோடு நிறுத்தினார். அம்மாவின் கை வெங்காயத்தில் அப்படியே நின்றது.

"இங்கிலீசு யாருக்குப் புரியிது. நானே கதை சொல்றேன்" என்றார் மாமா.

சொல்லத் தொடங்கினார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சொல்ல அத்தனை உரக்கப் பேச வேண்டியதில்லை. எனக்கென்ன காது கேட்காதா என்று கடுப்பாக இருந்தது. ஆனாலும் நன்றாகத்தான் சொன்னார். இறக்கை வைத்துக்கொண்டு பறந்து வந்த பெண்களைப் பார்த்து, "இவக ராசாவோட கொழுந்தியாமாரு. பிள்ளைக்குச் சீர் கொண்டாந்திருக்காக" என்றார். கறுப்பு அங்கியோடு ஒருத்தி வந்து சபித்தபோது, "இவுகளுக்குப் பத்திரிகை வைக்காம விட்டுட்டாக. அந்தக் கோவம்" என்றார். போன வாரம் தமிழில் கேட்கும்போதுதான் தெரிந்தது, அது அப்படியே சரி. எந்த ஊர் ராஜாவானாலும் சொந்தபந்தத்தில் ஒருவருக்குப் பத்திரிகை போகாவிட்டால் வம்புதான்.

ராஜகுமாரி வளர்ந்தாள். ஒருநாள் கோபுரத்து அறையில் எதையோ தொடக் கையை நீட்டினாள். சுருண்டு விழுந்தாள்.

"அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் மாமா. "யாரோ செஞ்ச வேலை. அது அந்நேரம் அங்கன இருந்துச்சு, அம்புட்டுதான்."

"அவதான மாமா கைய நீட்டினா?" என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள். உண்மையைச் சொன்னதற்கு ஏன் கிள்ளு விழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

கோட்டையைச் சுற்றி முள் வளர்ந்தது. "சீமைக்கருவேலு" என்றார் மாமா. குதிரையில் இளவரசன் வந்தான். இங்கேதான் எங்களுக்குள் சண்டை ஆரம்பித்தது.

"வந்தவன் உள்ள போகல. வெளியவே குதிரையக் கட்டிட்டு உக்காந்துட்டான்."

"கத்தியால வெட்டுறானே மாமா."

"அது இவன் இல்ல தாயி. இவன் தம்பி. முன்கோபக்காரன்."

"ரெண்டு பேரும் ஒரே சட்டையா போட்டிருக்காங்க?"

"தீபாவளிக்கு ஒரே துணியில எடுத்தாக."

நான் விடுவதாக இல்லை. படத்தில் ஒரே ஆள்தான் இருக்கிறான், தம்பியே கிடையாது என்று எழுந்து நின்று டிவியைத் தொட்டுக் காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே படம் சிக்கிக்கொண்டது. ஓங்கிய கத்தியோடு இளவரசன் முள்ளுக்கு வெளியே அசையாமல் நின்றான்.

"பாத்தியா, நிக்கிறான்ல?" என்றார் மாமா.

எனக்கு அழுகை முட்டியது. அப்போது உள் அறையிலிருந்து, "அப்புறம்?" என்று அத்தையின் குரல் கேட்டது.

என்னைத்தான் கேட்கிறாள் என்று வாயைத் திறந்தேன். அம்மா வெங்காய வாசனையடிக்கும் கையால் என் வாயைப் பொத்திவிட்டாள்.

"அப்புறம் அங்கனயே உக்காந்திருந்தான்" என்றார் மாமா, டிவியைப் பார்த்தபடி.

"எதுக்காம்?"

"அந்தப் புள்ளயா எந்திரிச்சு வரட்டும்னு."

"வேற ராசா மக கெடைக்கலையாக்கும்?"

"இருக்குன்னு சொன்னாக. இவன் கேக்கல."

"அது எந்திரிச்சு வந்தாலும் முன்ன மாதிரி இருக்காதுல்ல. அம்புட்டு முள்ளு" என்றாள் அத்தை.

"தெரிஞ்சுதான் உக்காந்திருக்கான்" என்றார் மாமா.

நான் அம்மாவின் கையைத் தட்டிவிட்டேன். "ரெண்டு பேரும் பொய் சொல்றீக. படத்துல அப்படி இல்லவே இல்ல" என்று சொல்லி ஓவென்று அழுதேன். என்னைச் சமாதானப்படுத்த மாமா அவசரமாகச் சிடியை வெளியே எடுத்துத் தன் சட்டையில் தேய்த்துப் போட்டார். இப்போது இளவரசனும் இல்லை, வெறும் கட்டங்கட்டமாகத் தெரிந்தது. மறுபடி எடுத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

"அந்தச் சட்டையில துடைக்காதீக. கீறிரும்" என்றாள் அத்தை. கதவு திறந்தது.

முன்பெல்லாம் எங்கள் தெருவில் யார் வீட்டில் படம் சிக்கினாலும் அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் பருத்தி தவிர வேறெதுவும் உடுத்த மாட்டார்கள். நைலான் உரசினால் பொறி வரும். துவைத்துத் துவைத்து மெத்தென்று போன அவளுடைய வேலைச் சேலையின் முந்தானை சிடி துடைக்கத் தோதாக இருக்கும். வேலைக்குப் போகாத அன்றும் அதே சேலையைத்தான் கட்டியிருந்தாள். மாமா கையிலிருந்து சிடியை வாங்கி, மடங்காத விரல்களால் முந்தானையைப் பிடித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று பொறுமையாகத் துடைத்தாள். முகத்தை மூடிக்கொள்ள அவளுக்குக் கை ஒழியவில்லை. "இப்பப் போடுங்க" என்று அவரிடமே கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை அந்த நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. இது இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. அன்று எனக்குப் படம் ஓடுமா ஓடாதா என்பது ஒன்றே கவலை.

ஓடியது. இளவரசன் முள்ளை வெட்டினான், உள்ளே போனான், அவள் எழுந்துகொண்டாள். அத்தை திரும்பிப் போகவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உரிக்க வராத வெங்காயத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். படத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பட்டுப்பாவாடை வந்தது, அரக்குக் கலரில். இப்போது அவர்கள் தாயில்பட்டியில் இருக்கிறார்கள். அந்த வீட்டில் காபி குடித்தால் எனக்குத் தித்திப்புத் தாங்காது.

ஒரு படம் ஏன் இத்தனை தலைமுறையாக நிற்கிறது என்று பெரிய பெரிய காரணங்கள் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெகுநேரம் தூங்குகிற ஒருத்தியும் வாசலில் வந்து நிற்கிற ஒருவனும் இருந்தால் போதும். சத்தத்தைக் குறைத்துவிட்டு யாரும் தங்கள் கதையை அதில் சொல்லிக்கொள்ளலாம். முந்தாநாள் நானும் சத்தத்தைக் குறைத்து, மாமாவின் கதையை என் மகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, தப்பு" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். ரத்தம் எங்கே போகும்.

அன்றைக்குப் படம் முடிந்ததும் நான் மாமாவுக்கு முன்னால் போய் நின்றேன். "உள்ள போயிட்டான், அவளும் எந்திரிச்சுட்டா. நீங்க சொன்னது தப்பு" என்றேன்.

"ஆமா தாயி. தப்புதான்" என்றார் மாமா. அவர் கண் நிறைந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. ஒரு கதையைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டதற்காக இத்தனை பெரிய ஆள் அழுகிறாரே என்று எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவர் தோளைத் தட்டி, "பரவாயில்ல மாமா, அடுத்த படத்துக்குச் சரியாச் சொல்லுங்க" என்று தேற்றினேன்.